கிட்டாரின் குமிழை மூன்றுக்கு இறக்குங்கள்

வால்வு மேசை: வாசகர் கேள்வி பதில்

கே: இருபது ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். 'ஹாட்-ராட்' செய்த, அதாவது உள்ளே மாற்றி முடுக்கிவிட்ட, மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் ஒலி வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஃப்ரீட்மன் பிஈ-100, சோல்டானோ எஸ்எல்ஓ-100, போக்னர் எக்ஸ்டஸி என்று மூன்று ஆம்ப்ளிஃபையர்களில் வந்து நிற்கிறேன். சேமிப்பு ஒன்றுக்குத்தான் போதும். வீடியோக்களைக் கேட்டுக் கேட்டுக் குழம்பியதுதான் மிச்சம். எதை வாங்கட்டும்?
– ஆறு கம்பிக்காரர், ஸ்கார்பரோ

ப: முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டார் வாசிக்க வராது. 1974-இல் மாமாவின் ரேடியோ கடையில் சால்டரிங் அயர்னைப் பிடித்த கை இது. வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) ரேடியோக்கள் மறைந்த பிறகு மெல்லிசைக் குழுக்களின் பெட்டிகளைப் பழுது பார்த்தேன். இப்போது அமெரிக்காவிலிருந்து திரும்பும் பிள்ளைகள் அங்கே வாங்கிய ஆம்ப்ளிஃபையர்களைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என் மாடிப்படி ஏறுகிறார்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் என் மேசையில் முதுகு திறந்து கிடந்திருக்கின்றன. அவர்கள் வாசிக்க, மீட்டரும் கையுமாகப் பக்கத்தில் நின்று கேட்டவன் என்பதுதான் என் தகுதி.

மூன்றுக்கும் பாட்டன் ஒருவரே. லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன் ஆம்ப்ளிஃபையரை இறக்குமதி செய்தால் விலை கட்டுப்படியாகவில்லை. 1962-இல் அவருடைய ஆட்கள் அதைப் பார்த்தே ஒன்றைச் செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முதல் வால்வாக ஃபெண்டர் போட்டிருந்த 12ஏஒய்7-ஐ எடுத்துவிட்டு, பெருக்கம் கூடிய ஈசிசி83 போட்டார்கள். நான்கு ஸ்பீக்கரை மூடிய பெட்டிக்குள் அடைத்தார்கள். ராக் இசையின் உறுமல் அங்கே பிறந்தது. பிறகு 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று நச்சரிக்க, 1965-இல் நூறு வாட்ஸ் வந்தது.

அந்த நூறு வாட்ஸ் பெட்டிக்கு மாஸ்டர் வால்யூம் கிடையாது. ஒலி இனிமையாக உடைய, அதாவது கரகரப்பாக உறும, வேண்டுமானால் குமிழைக் கடைசி வரை திருப்ப வேண்டும். திருப்பினால் கண்ணாடி ஜன்னல் அதிரும். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஹோஸே அர்ரெடோண்டோ போன்ற மெக்கானிக்குகள் மார்ஷலைத் திறந்து கைவைத்ததெல்லாம் இந்த ஒரு சங்கடத்தைத் தீர்க்கத்தான். கடைசியில் இருக்கும் பெரிய வால்வுகளில் நடக்கும் உடைப்பை, முன்னால் இருக்கும் சின்ன வால்வுகளிலேயே நடத்திவிடுவது. பிறகு மாஸ்டர் வால்யூமால் சத்தத்தை மட்டும் குறைப்பது. 1975-இல் மார்ஷலே தன் 2203 மாடலில் பெருக்கும் கட்டங்கள் இரண்டை வரிசையாகக் கோத்து இதைச் செய்தது. அதற்கு மேல் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று கூட்டிக்கொண்டே போனவர்கள்தாம் நீங்கள் சொல்லும் மூவரும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? விளம்பரம் மரத்தையும் தோலையும் பேசும். நான் இரண்டு ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றைப் பேசுகிறேன். 2203-இல் இரண்டாவது கட்டத்தில், வால்வின் கேதோடு என்ற முனையில், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சாதாரணமாக அந்த இடத்தில் ஒன்றிரண்டு கிலோ ஓம்தான் போடுவார்கள். 10 போட்டால் வால்வு அரைத்தூக்கத்தில் வேலை செய்யும். அலையின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மறு பக்கத்தை விட்டுவிடும். காதுக்குக் கரகரப்பாகக் கேட்பது அந்த ஒருபக்க வெட்டுதான். மைக் சோல்டானோ 1987-இல் எஸ்எல்ஓ-100 செய்தபோது இதே உத்திக்கு 39 கிலோ ஓம் போட்டார். வால்வு ஏறக்குறைய உறங்கியே போகும். வெட்டு அத்தனை கூர்மை. அதோடு கடைசியில் மார்ஷல் பாணி ஈஎல்34 இல்லாமல் 6எல்6 வால்வுகள். அடிச்சுருதி கல் போல நிற்கும், மேலே தேன் வழியும். நீண்ட ஸ்வரம் பிடித்தால் விடாது.

டேவ் ஃப்ரீட்மனின் பெட்டி நான்கு ஈஎல்34 போட்டு மார்ஷல் குடும்பத்தை விட்டு விலகாமல் நிற்பது. நடுச்சுருதியில் ஒரு கடி இருக்கும். சீவாளி சரியாக நனைந்த நாகசுரத்தில் வருமே, அந்த மாதிரி. கை சறுக்கினால் அதையும் ஊருக்குச் சொல்லிவிடும். ஜெர்மனியிலிருந்து 1989-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன ரெய்ன்ஹோல்ட் போக்னரின் எக்ஸ்டஸி வேறு சாதி: பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சேனல், முன்னும் பின்னும் சுவிட்சுகள். ஒலி சற்றுக் கருமையானது, மெழுகு பூசியது போன்றது. ஒரே இரவில் பத்து விதமான பாட்டு வாசிப்பவருக்கு அது வரம். சுவிட்சைக் கண்டால் திருப்பிக்கொண்டே இருப்பவருக்குச் சாபம். என் மேசைக்கு வந்த எக்ஸ்டஸிக்காரர் மூன்று மணி நேரம் சுவிட்சுகளைத் திருப்பினார். ஒரு பாட்டை முழுதாக வாசிக்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. கடைக்குப் போங்கள், உங்கள் சொந்தக் கிட்டாரோடு. கடைக்காரர் கெயினை (பெருக்கத்தை) ஏற்றி வைத்து வரவேற்பார். அப்படியே இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரைத் தொடாமல், கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து மூன்றுக்கு இறக்குங்கள். மெதுவாக ஒரு கார்டு வாசியுங்கள். உடைப்பு விலகி உள்ளேயிருந்து ஒரு தெளிந்த ஒலி எட்டிப் பார்த்தால், அந்தப் பெட்டி உங்களோடு பேசுகிறது. சத்தம் மட்டும் குறைந்து, போர்வை போர்த்தியது போல மங்கினால், அதில் உங்களுக்கு ஒரே ஒரு ஒலிதான் கிடைக்கும். ஆறு மாதத்தில் சலித்துவிடும். பெருக்கம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெருக்கத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அதைக் கைக்கு அடங்க வைப்பதுதான் கஷ்டம்.

இந்தச் சோதனையில் என் மேசையில் முதலில் நின்றது ஃப்ரீட்மன். நீங்கள் கேட்பதும் மார்ஷல் ஒலி. ஆகவே என் ஓட்டு அதற்கு. ஆனால் தனி வாசிப்பில் நீண்டு பாடும் ஸ்வரம்தான் உங்கள் உயிர் என்றால் சோல்டானோ; யோசிக்கவே வேண்டாம்.

கே: நான் குடியிருப்பது வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு. நண்பர்கள் '100 வாட்ஸ்தான் உண்மையான ஒலி, 20 வாட்ஸ் பொம்மை' என்கிறார்கள். உண்மையா?
– மூன்றாம் மாடிவாசி

ப: உங்கள் நண்பர்கள் யாரும் இரண்டாம் மாடியில் குடியிருக்கவில்லை போலும்.

கணக்கைப் பாருங்கள். மின்திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தம். 20-இலிருந்து 100-க்குப் போனால் கூடுவது 7 டெசிபெல். இரண்டு மடங்கு கூட இல்லை! 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் 3. ஆக, 20 வாட்ஸ் பெட்டியே உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தைக் கூட்ட வைக்கப் போதும்.

நூறில் வேறொன்று இருக்கிறது, மறுக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பெரிது. தாழ்ந்த கம்பியை அழுத்தி அடித்தாலும் மின்னழுத்தம் தளராது, அந்த அடி நெஞ்சில் இறங்கும். ஆனால் அதை உணர மாஸ்டர் குமிழைப் பாதிக்காவது ஏற்ற வேண்டும். வீட்டில் ஒன்றரைக்கு மேல் ஏற்ற மாட்டீர்கள். அப்படியிருக்க, 20 கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை எதற்கு மூன்று மாடி சுமக்கிறீர்கள்? சோல்டானோவில் எஸ்எல்ஓ-30, ஃப்ரீட்மனில் ரண்ட்-20 என்று சின்னவை இருக்கின்றன. பெரியதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டுச் சத்தத்தைக் குறைக்கும் அட்டனுவேட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பதிலுக்கு எந்தச் சுமையும் மாட்டாமல் ஹெட்போனில் கேட்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். இந்தத் தவற்றால் வந்த பெட்டிகளில்தான் என் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டினேன்.

கே: 'ஹாட்-ராட்', 'பூட்டிக்' என்கிறார்களே, இவற்றுக்கு என்ன பொருள்?
– புதியவள், திருச்சி

ப: பூட்டிக் என்றால் நம் ஊரில் சேலைக்கடை. இங்கே, ஒருவரோ சிலரோ சிறிய பட்டறையில் குறைந்த எண்ணிக்கையில் செய்வது என்று பொருள். ஹாட்-ராட் என்பது தெற்குக் கலிஃபோர்னியாவின் வண்டிப் பைத்தியத்திலிருந்து வந்த சொல்: பழைய ஃபோர்டு காரை வாங்கி, எடையைக் குறைத்து, எஞ்சினை மாற்றி, வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டினார்கள். நம் பையன்கள் பைக்கை 'ஆல்ட்டர்' செய்கிறார்களே, அதுதான்.

ஆம்ப்ளிஃபையரில் இந்த வேலையைப் புகழுக்குக் கொண்டுவந்தது ஒரு குறும்பு. 1960-களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்ற மெக்கானிக், பாரி மெல்டன் என்ற கிட்டார் கலைஞரை ஏமாற்றி வேடிக்கை பார்க்க, அவருடைய குட்டி ஃபெண்டர் பிரின்ஸ்டனுக்குள் பெரிய பாஸ்மனின் டிரான்ஸ்ஃபார்மரையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்துவிட்டார். வெளியே பார்த்தால் அதே சின்னப் பெட்டி. அதைக் கடையில் வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா வியந்து சொன்ன வார்த்தையிலிருந்துதான் 'பூகி' என்ற பெயர் வந்தது என்பது ஸ்மித் தொடங்கிய மேசா-பூகி கம்பெனியே சொல்லும் கதை.

கே: என் பழைய ஆம்ப்ளிஃபையரை இங்கே ஒருவரிடம் கொடுத்து ஹாட்-ராட் செய்துகொண்டால் பணம் மிச்சம்தானே?
– சிக்கனம், கோயம்புத்தூர்

ப: செய்பவரைப் பொறுத்தது. போன வருடம் ஒரு பையன் வந்தான். எங்கேயோ கொடுத்து 'மாடிஃபை' செய்த பெட்டி. அறுபதாயிரம் வாங்கியிருக்கிறார்கள். கெயின் ஐந்தைத் தாண்டினால் கிட்டாரைத் தொடாமலேயே விசில் அடித்தது. திறந்தால், கூடுதல் கட்டம் ஒன்று சேர்த்திருந்தார்கள். சர்க்யூட் சரி. ஆனால் முதல் வால்வில் ஒலி நுழையும் கிரிட் முனைக்குப் போகும் ஒயர், மூன்றாம் கட்டத்திலிருந்து வரும் ஒயரோடு கைகோத்துக்கொண்டு ஊர்வலம் போனது. பெருக்கம் இவ்வளவு கூடிய இடத்தில் இரண்டும் நெருங்கினால், வெளியே போகும் ஒலி மறுபடி உள்ளே நுழையும். விசில் அடிக்காமல் வேறென்ன செய்யும்?

அதற்கு நான் செய்த வைத்தியம்: நான்கு அங்குலம் ஷீல்டு ஒயர், சாக்கெட்டை ஒட்டி ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒயர்களைப் பிரித்து வேறு வழியாக விட்டது. பொருள் செலவு நூறு ரூபாய் இருக்காது. மூன்று மாலை பிடித்தது. நல்ல பட்டறைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் காசு இதற்குத்தான். எந்த ஒயர் எங்கே போகக்கூடாது என்று கற்றுக்கொள்ள அவர் பத்து வருடம் விசிலைக் கேட்டிருப்பார்.

கையால் ஒயர் கட்டியதுதான் உயர்வு, பிரிண்டட் போர்டு மட்டம் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. எல்லோரும் கும்பிடும் எஸ்எல்ஓ-100 பிரிண்டட் போர்டில் செய்ததுதான். ஒயர் இடம் மாறாது என்பதால், ஒவ்வொரு பெட்டியும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

கே: டிம்மர்ஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மின்சாரத்தைக் கூட்டினால் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனின் ஒலி வருமாமே?
– மின்னல், மதுரை

ப: கூட்டாதீர்கள்! அவரே ஆரம்பத்தில் பேட்டிகளில் 140 வோல்ட்டுக்கு ஏற்றியதாகச் சொல்லிப் பலருடைய பெட்டிகளைப் புகைய வைத்தவர். உண்மையில் அவர் குறைத்தார், 90 வோல்ட் அளவுக்கு. அமெரிக்காவின் 120-இல் அது முக்கால் பங்கு. நம் 230-க்குக் கணக்கிட்டால் 172 வோல்ட் அளவு வரும். வால்வுகளுக்கு மின்னழுத்தம் குறைவதால் சீக்கிரமே தளர்ந்து உடையும், சத்தமும் சற்றுக் குறையும். ஆனால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வாங்கிச் சாப்பிடுகிறது. 6.3 வோல்ட் வேண்டிய இடத்தில் 4.7 கிடைக்கும். அரைப்பட்டினியில் வால்வின் கேதோடு நாளடைவில் கெடும். பத்து சதவீதம் இறக்கி ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒலியில் பெரும்பங்கு அவருடைய விரல்கள். அவற்றுக்கு டிம்மர்ஸ்டாட் இல்லை.

கே: தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒன்று கொண்டுவருகிறான். இங்கே அப்படியே பிளக்கில் சொருகலாமா?
– அக்கா, சேலம்

ப: சொருகினால் அன்றே தகனம்தான், அம்மா. பின்புறம் 120 / 230 என்று தேர்வு சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாற்றிவிட்டு, ஃபியூஸையும் பாதி ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். பலர் ஃபியூஸை மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் இல்லாவிட்டால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் 230-க்கான ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். தெரிந்தவர் திறந்து மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். பெட்டி மின்சாரத்தில் இழுக்கும் வாட்ஸ் என்று பின்னால் போட்டிருப்பதைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60-க்கு மட்டுமே கணக்குப் பார்த்துச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சுடும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கையை வைக்க முடியாமல் கொதித்தால் நிறுத்திவிடுங்கள்.

கே: தாத்தாவின் பெட்டியில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகள் கிடைத்தன. மதிப்பு உண்டா?
– பேரன், தஞ்சாவூர்

ப: என் இளமைக்கால ரேடியோக்களில் பாதி அந்த வால்வுகளில்தான் பாடின. நல்ல சரக்கு. எண்ணைப் பாருங்கள்: ஈசிசி83, ஈஎல்84 என்று இருந்தால் கிட்டார் உலகத்தில் வேலை உண்டு, மற்றவை ரேடியோவுக்கு. விற்காதீர்கள். இன்று கிட்டாருக்கான வால்வு செய்பவர்கள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள்.

கே: என் ஆம்ப்ளிஃபையரில் பெரிய வால்வு ஒன்றின் உள் தகடு செக்கச்செவேல் என்று ஒளிர்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. நல்லதுதானே?
– ரசிகன், நாகர்கோவில்

ப: இந்த வரியைப் படிக்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தால், அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நடுவில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது ஹீட்டர், அது இயல்பு. சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடு சிவந்தால், வால்வு தாங்க முடியாத மின்னோட்டத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு அந்த வால்வையும் பக்கத்து வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே கண்டன்சர்களில் 400, 500 வோல்ட் பதுங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். 1978-இல் ஒரு மர்ஃபி ரேடியோ என்னைச் சுவரோடு ஒட்டவைத்தது அப்படித்தான். அன்றிலிருந்து உயர் மின்னழுத்தத்தைத் தொடும்போதெல்லாம் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மறுபடி போட்டு அரை நிமிடம் மட்டும் பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் கெட்டது வால்வு. புதிய ஜோடி வாங்கி, பயாஸை (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தத்தை) அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். சிவப்பு அதே சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு பெட்டிக்குள். பெரும்பாலும் அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டன்சர் கசியும், அல்லது பயாஸ் வரும் வழியில் ஒரு ரெசிஸ்டர் போயிருக்கும். இரண்டும் சேர்ந்து இருபது ரூபாய்ச் சாமான். நாகர்கோவிலில் பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இன்னும் இருப்பார், தேடுங்கள். அவரிடம் 'கிட்டார் ஆம்ப்' என்று சொல்லாதீர்கள், பயந்துவிடுவார். 'புஷ்-புல் வால்வு செட்' என்று சொல்லுங்கள்.